அடிமை வாழ்வும் நிழற்படச் சான்றும்

நிழற்படக் கலை 1839இல் உலகறிய வெளிப்பட்டது. அடிமை உரிமையை இந்திய நீதிமன்றங்கள் ஏற்றல் கூடாது எனும் ஐந்தாம் சட்டம் 1843இல் பிறந்தது. இடைப்பட்ட காலம் நான்கே ஆண்டுகள். ஆதலின், ஆளோலை எழுதி மாந்தரை விற்ற வழக்கத்திற்குத் தமிழகத்தில் ஓலையும் கல்வெட்டும் சான்றாவதன்றி, நிழற்படம் சான்றாதல் அரிது. அமெரிக்காவிலோ அடிமைமுறை 1865 வரை நீடித்தது. கசையடித் தழும்பு நிறைந்த முதுகினைக் காட்டும் படம் 1863இல் எடுக்கப்பெற்று, அம்முறையின் கொடுமையை உலகிற்கு உணர்த்திற்று.

எனின், சேலம், நாமக்கல் சமவெளியின் துயருக்குப் படச்சான்று யாது? சட்டம் அடிமை என்னும் பெயரை நீக்கிய பின்னரும் பசியும் கடனும் உழைப்போரைப் பிணித்தன. நாமக்கல்லை உள்ளடக்கிய பழைய சேலம் மாவட்டத்தில், 1871இல் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, தாது வருடப் பஞ்சத்திற்குப் பின் 1881இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. மாண்டோர் பலர், புலம்பெயர்ந்தோரும் உளர். இம்மாவட்டத்தினின்று இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோரைக் கங்காணி தந்த முன்பணம் ‘துண்டு’ என்னும் கடன்சீட்டாய்த் தொடர்ந்தது. அச்சீட்டுமுறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

அப்பஞ்சக் காலத்தில் (1876–78) படைத்துறை அலுவலர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் சென்னை மாகாணத்தில் எடுத்த படங்கள் எலும்பும் தோலுமாய் அமர்ந்த குடும்பங்களைக் காட்டுவன. ஆயின் அம்முகங்களுக்குப் பெயரில்லை. ஊர் துணிதற்கும் இடமில்லை. அவற்றைச் சேலத்துப் படங்கள் எனத் தலைப்பிட்டு வழங்குதல் ஆராய்ச்சி நெறியன்று.

மொரீசியசுத் தீவின் நிலை வேறு. பழைய ஒப்பந்தத் தொழிலாளர் தம் படம் ஒட்டிய சீட்டினை உடன் வைத்திருத்தல் வேண்டுமென 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அஃது அவர்தம் நடமாட்டத்தை அடக்கவே எழுந்தது. எனினும், படத்தோடு எண்ணும் பெயரும் பதிவேடும் இணைந்தமையால், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் வழித்தோன்றல்கள் இன்று தம் முன்னோரைக் காண்கின்றனர்.

இரக்கத்தைத் தூண்டிய படம் பெயரை விடுத்தது. அடக்குமுறைக்கென எடுத்த படம் பெயரைக் காத்தது. ஆகவே, படத்தைத் தனித்து நோக்காது, குடிமதிப்பு, கப்பற்பதிவு, கடன்சீட்டு ஆகியவற்றோடு ஒப்புநோக்கலே தக்கது. கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டம் இந்தியாவில் 1976இல்தான், அதாவது அப்பஞ்சம் தொடங்கி நூறாண்டு கழிந்தே, இயற்றப்பெற்றது. அந்நூறாண்டுக் காலத்தில் இச்சமவெளியில் பிணிப்புண்டு உழைத்தோர் பலர்க்குப் படமில்லை. படமின்மை கொடுமையின்மை ஆகாது.