ஓர் ஆறும் இரண்டு எல்லைகளும்

பிறர் நிலத்தின்மீது கண் வைக்கும் அரசு, முதலில் அதனைக் காகிதத்தில் வரைந்துகொள்கிறது. இதற்கு ஜப்பானிய ராணுவத்தின் வரலாறு தெளிவான சான்றாகும். 1888-ஆம் ஆண்டில் அந்நாட்டு ராணுவத் தலைமையகத்தின்கீழ் நில அளவைத் துறை ஒன்று நிறுவப்பெற்றது. தன் நாட்டை அளப்பதோடு அத்துறை அமையவில்லை. 1894-இல் சீனாவுடன் போர் மூண்டபின், சேனை சென்ற இடமெல்லாம் அளவையாளரும் சென்றனர். சில நாடுகளில் மறைவாக அளந்தனர். பிற நாட்டார் அச்சிட்ட படங்களைப் பெற்றுப் படியும் எடுத்தனர். இந்தியா, பர்மா பற்றிய படங்கள் பல, நமது சர்வே துறை அக்காலத்தில் வெளியிட்டவற்றைத் தழுவியவையே. இவ்வகைப் படங்களுக்குக் 'கைஹோஸு' என்று பெயர். 'வெளி நிலங்களின் படம்' என்பது அதன் பொருள்.

உள்ளதை உள்ளவாறு காட்டுவதே படம் என்று நாம் எண்ணுகிறோம். எல்லைப்புறத்திலோ, அது உரிமை கோரும் வழக்குரையாகவும் மாறிவிடுகிறது. நோமோன்ஹானில் நிகழ்ந்தது இதுவே.

மங்கோலியாவின் கீழ்த்திசையில் கல்கா என்னும் ஆறு ஓடுகிறது. அதற்குக் கிழக்கே மணல்மேடுகளும் புல்வெளியும் பரந்துள்ளன. 1734-இல் சீனத்தை ஆண்ட சிங் பேரரசு, இரு மங்கோலியக் குழுவினரின் மேய்ச்சல் நிலங்களைப் பிரிக்க, ஆற்றுக்குக் கிழக்கே ஓர் எல்லை வகுத்தது. அஃது ஒரே பேரரசின் உட்பிரிவாகவே இருந்தது. 1932-இல் ஜப்பான் மஞ்சூரியாவில் மஞ்சுகோ என்ற பொம்மை அரசை அமைத்ததும், மேய்ச்சல் எல்லை நாட்டெல்லை ஆயிற்று. மங்கோலியாவும் அதன் துணையான சோவியத் நாடும் பழைய கோட்டைக் காட்டின. ஜப்பானின் குவாந்துங் சேனையோ, ஆறே எல்லை என்றது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலமான நிலம் கிடந்தது. முன்னர் ஜப்பானியரே அச்சிட்ட படங்கள் சிலவற்றில்கூட எல்லை ஆற்றுக்குக் கிழக்கேதான் இருந்தது என்பது நினைக்கத் தக்கது.

1939 ஏப்ரலில் குவாந்துங் சேனை ஓர் ஆணை பிறப்பித்தது: எல்லை தெளிவாக இல்லாத இடத்தில், அங்குள்ள தளபதியே அதனை முடிவு செய்துகொள்ளலாம். மறு மாதமே மங்கோலியக் குதிரை வீரர் ஆற்றின் கீழ்க்கரையில் தோன்றினர். தத்தம் படத்தின்படி, இரு தரப்பாரும் தம் நிலத்திலேயே நின்றனர். சிறு கைகலப்பு பெரும் போராக வளர்ந்தது. ஆகஸ்டு 20-ஆம் நாள் ஜுகோவ் தலைமையில் தாக்கிய சோவியத் படை, ஜப்பானின் 23-ஆவது டிவிஷனைச் சூழ்ந்து நொறுக்கியது. செப்டம்பர் 15-இல் மாஸ்கோவில் போர்நிறுத்தம் உடன்படப்பெற்றது. இரு புறத்தும் பல்லாயிரவர் மாண்டபின், எல்லை பெரும்பாலும் மங்கோலியா காட்டிய கோட்டை ஒட்டியே அமைந்தது.

1945-இல் ஜப்பான் சரணடைந்தபோது, ராணுவப் படங்களை எரித்துவிட ஆணை பிறந்தது. ஆயினும் பல தப்பின. சிலவற்றைப் பூகோள அறிஞர்கள் தோஹோகு பல்கலைக்கழகத்தில் சேர்த்தனர். மிகப் பலவற்றை அமெரிக்கப் படையினர் கொண்டுசென்றனர். பின்னாளில் அவை மறைந்த காடுகளையும் மாறிய ஊர்களையும் ஆராய்வோர்க்குப் பயன்படலாயின.

எனினும் அவற்றைக் காண்போர் ஒன்றை மறத்தலாகாது. மலையும் ஆறும் அளந்து அறிந்தவை. எல்லைக்கோடோ, ஒரு தரப்பார் விரும்பி வரைந்ததாகவும் இருக்கலாம். இரண்டையும் இட்ட மை ஒன்றே. அம்மேய்ச்சல் நிலத்தில் வாழ்ந்தவரைக் கேட்டு வரைந்த கோடு மிக அரிது.