பிரிவுப் பாடலும் புலம்பெயர்வு வரலாறும்: அர்ஜென்டின டாங்கோவும் மலையகத் தமிழர் நாட்டார் பாடல்களும்

முன்னுரை

தொல்காப்பிய மரபில் பிரிவு பாலைத் திணையின் உரிப்பொருளாகும். அகநானூற்றின் 400 பாடல்களில் சரிபாதியான 200 பாடல்கள் பாலைக்குரியவை. பொருள்தேடித் தலைவன் பிரிவதும் தலைவி அப்பிரிவை ஆற்றாது வருந்துவதும் அவற்றுள் பெருவழக்கான சூழலாகும். 'பிரிபவர் யார், வருந்துபவர் யார்' என்னும் இவ்வினாவைப் பிற்காலப் பிரிவுப் பாடல்களிடமும் எழுப்பினால், அவற்றின் பின்னுள்ள புலம்பெயர்வு வரலாறு புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

டாங்கோ: கைவிடப்பட்ட ஆணின் குரல்

1914ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது புவனோஸ் ஐரிஸ் நகர மக்களுள் ஏறத்தாழப் பாதியினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வந்த அவர்களுள் ஆண்களே மிகுதி. இச்சூழலில், 1917இல் கார்லோஸ் கார்தெல் பாடி ஒலித்தட்டில் பதிவான 'மி நோச்சே திரிஸ்தே' (எனது துயர இரவு) டாங்கோ பாடல் மரபின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பாஸ்குவால் கோந்துர்சி எழுதிய அப்பாடலில் பிரிந்து செல்பவள் பெண். வெற்றறையில் இருந்து வருந்துபவன் ஆண். பாலையின் நிலை இங்குத் தலைகீழாகிறது. கடல்கடந்து வந்து வேரற்று வாழ்ந்த ஆடவர் நகரில், காதலியின் பிரிவு தாயகத்தின் இழப்பையும் சேர்த்துச் சுமந்தது எனலாம்.

மலையகம்: இருவரும் பிரிந்த ஊர்

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து சென்றோருள் பெரும்பாலோர் பருவந்தோறும் சென்று மீண்ட ஆண்கள். அது பழைய பாலையின் சூழலே. 1869இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் உழைப்பு தேவைப்பட்டதால் குடும்பங்களாகக் குடியேறுதல் பெருகியது. கொழுந்து பறிப்போருள் பெரும்பான்மையினர் பெண்கள். தலைவனும் தலைவியும் ஒருங்கே பிரிந்த நிலையில், பிரியப்பட்டது ஊராயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டிய மலையகப் பாடல்களில் காதலும் கங்காணியின் கொடுமையும் ஊரையும் தாயையும் இழந்த ஏக்கமும் அருகருகே நிற்பதை இவ்வகையில் விளங்கிக்கொள்ளலாம்.

திரும்புதல்

கார்தெல் 1935இல் பாடிய 'வோல்வெர்' (திரும்புதல்) நெடுங்காலத்திற்குப்பின் மீள்பவனின் அச்சத்தைப் பேசுகிறது. அங்குத் திரும்புதல் தனியொருவனின் கதை. மலையகத்தில் அதனை அரசுகள் முடிவு செய்தன. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வகைசெய்தது. அம்மலைகளிலேயே பிறந்தவர்களுக்கு அது திரும்புதல் அன்று; மற்றொரு பிரிவு.

முடிவுரை

நாட்டார் பாடல்களைக் காதல், தொழில், தாலாட்டு, ஒப்பாரி எனப் பகுப்பது தொகுப்பு நெறி. அப்பகுப்பு தேவையானதே, எனினும் அதனோடு நின்றால், ஒரே பாடலில் கலந்து நிற்கும் காதலியும் ஊரும் கூலியும் வெவ்வேறு தலைப்புகளுள் சிதறிவிடும். எழுத்தாவணம் விட்டுச்செல்லாத மக்களின் வரலாற்றை எழுத முற்படுவோர், பிரிவைப் பொருளாகக் கொண்டும் அப்பாடல்களை மீள அடைவு செய்தல் வேண்டும்.