பங்க் ஒண்ணு, பிளக் நாலு

"இங்கே மாருதிக்கு மட்டும்தான் பெட்ரோல்"னு ஒரு பங்க்ல போர்டு வெச்சா சும்மா விடுவோமா மக்களே? எலக்ட்ரிக் கார் உலகத்துல அப்படி ஒரு போர்டு வருஷக்கணக்கா தொங்கிச்சு.

நிறைய பேர் இதை டெஸ்லாவோட ஆரம்பிப்பாங்க. நான் 1996-ல இருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் ஈவி1 காரை இறக்கியது. சார்ஜ் ஏற்ற ஒரு தட்டையான மட்டையைக் காரின் முன்பக்கம் செருகணும். உலோகம் உலோகத்தைத் தொடாது, காந்தப்புலம் வழியாவே மின்சாரம் ஏறும். ஃபோர்டும் ஹோண்டாவும் நேரடியாத் தொடும் பிளக் பக்கம் நின்றன. கடைசியில் 2001-ல் கலிபோர்னியா காற்று வள வாரியம் பிளக்குக்குத் தீர்ப்பு சொன்னது. மட்டை அவுட்!

அடுத்த ரவுண்டும் அதே படம்தான். 2010 கடைசியில் வந்த நிஸ்ஸான் லீஃபுக்கு வேக சார்ஜ் ஏற்ற ஜப்பானின் சாடெமோ பிளக். ஐரோப்பிய, அமெரிக்க கம்பெனிகளுக்கு சிசிஎஸ். 2012-ல் டெஸ்லா சொந்தமா சூப்பர்சார்ஜர் நிலையங்களைத் திறந்து, தன் கார்களுக்கு மட்டும்னு வெச்சுக்கிட்டது. தன் காசைப் போட்டுக் கட்டினவன் அப்படித்தான் செய்வான், அது நியாயம்தான்.

பூட்டு திறந்த விதம்தான் சுவாரசியம். ஐரோப்பாவில் சட்டம் திறந்தது. பொது வேக சார்ஜர்களில் சிசிஎஸ் இருக்கணும்னு 2014-ல் விதி வந்தது. டெஸ்லாவே தன் மாடல் 3-ஐ அங்கே சிசிஎஸ்ஸோட விற்றது. 2021 நவம்பரில் நெதர்லாந்தில் 10 நிலையங்களை மத்த கார்களுக்கும் திறந்துவிட்டது.

அமெரிக்காவில் காசு திறந்தது. 2021-ல் வந்த சட்டம் சார்ஜர் நிலையங்களுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. எல்லாக் காருக்கும் பொதுவா இருந்தாத்தான் மானியம். 2022 நவம்பரில் டெஸ்லா தன் பிளக் வடிவமைப்பை வெளியிட்டது. 2023 மே மாதம் ஃபோர்டு, ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ், அப்புறம் வரிசையா மத்தவங்களும் அந்த பிளக்குக்கு மாறுறதா அறிவிச்சாங்க. ஐரோப்பாவில் டெஸ்லா ஊரோட ஒத்துப்போச்சு. அமெரிக்காவில் ஊர் டெஸ்லாவோட ஒத்துப்போச்சு.

எல்லாம் சுபம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. 2001 தீர்ப்புக்கு அப்புறமும் மட்டை வகை சார்ஜரை நம்பி டொயோட்டா ராவ்4 ஓட்டினவங்க இருந்தாங்க. இன்னிக்கு அமெரிக்காவில் பழைய லீஃப் வெச்சிருக்கவங்களுக்கு அதே கதி. சூப்பர்சார்ஜர் கதவு ஊருக்கே திறந்தும் அவங்க சாடெமோ அதில் நுழையாது. கார் நல்லா ஓடுது, பிளக் மட்டும் தோத்துப்போச்சு. பங்கை எல்லாருக்கும் பொதுவாக்கும்போது இவங்களுக்கும் ஒரு ஒயரை விட்டு வைக்கணும்ங்கிறது என் கட்சி. நீங்க என்ன சொல்றீங்க?