கணக்குக் கேட்கும் உரிமை: தமிழக உள்ளாட்சியில் பொறுப்புடைமையின் வரலாறு

உள்ளாட்சிப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்விக்குத் தமிழக வரலாறு காலந்தோறும் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறது. அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், வாக்களிக்கும் உரிமை விரிந்த அளவுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை விரியவில்லை என்பது புலப்படும்.

முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊரை 30 குடும்புகளாக, அதாவது தொகுதிகளாகப் பகுத்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. இம்முறையைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் தேர்வு நடந்த விதத்தையே எடுத்துரைக்கின்றனர். ஆனால் அக்கல்வெட்டுகளில் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது தகுதியின்மை பற்றிய பகுதியே ஆகும். முன்பு வாரியத்தில், அதாவது ஏரி, தோட்டம் போன்றவற்றைக் கவனித்த நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரின் பெயர்களும் குடவோலைக்கு எழுதப்படக் கூடாது என்பது விதி. கணக்கை மறைத்தவர் தம் உறவினர் ஒருவரை முன்னிறுத்திப் பதவியைத் தொடரும் வழி இதனால் அடைபட்டது. பதவிக்காலம் 360 நாள் என்பதும், அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது என்பதும் இதே நோக்கில் அமைந்தவை. எனினும் அது நிலமும் வேதப் பயிற்சியும் உடைய பிராமண ஆடவரின் சபை. உழுவோரும் கைவினைஞரும் பெண்களும் அங்கே பெயராகவும் இடம்பெறவில்லை, கணக்குக் கேட்போராகவும் இல்லை. ஆகவே அதை இன்றைய மக்களாட்சியின் முன்னோடி எனக் கொள்வது மிகை. குறுகிய வட்டத்துக்குள் கண்டிப்பாகச் செயல்பட்ட பொறுப்புடைமை என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

ஆங்கிலேயர் காலத்தில் உள்ளாட்சி முற்றிலும் வேறொரு திசையிலிருந்து வந்தது. ரிப்பன் பிரபு 1882 மே 18 அன்று வெளியிட்ட தீர்மானம் உள்ளாட்சியை மக்களின் அரசியல் பயிற்சிக்களமாகக் கருதியபோதிலும், அதைத் தொடர்ந்து இயற்றப்பட்ட 1884-ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டம் மாவட்ட வாரியத்தின் தலைமையைக் கலெக்டரிடமே விட்டது. 1920-ஆம் ஆண்டுச் சட்டங்கள் தேர்தலுக்கு அதிக இடம் கொடுத்தன என்றாலும், வாக்குரிமை வரி செலுத்துவோர் போன்ற வரையறுத்த பிரிவினருக்கே இருந்தது. வாரியத்தின் கணக்கு மேலே செல்லும், மக்களின் மனுவும் மேலே செல்லும் என்ற பழக்கம் அப்போது வேரூன்றியது. அது விடுதலைக்குப் பிறகும் அகலவில்லை.

1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் மாநிலம் முழுவதும் ஊராட்சிகளையும் ஊராட்சி ஒன்றியங்களையும் நிறுவியது. ஆனால் 1970-க்குப் பின் 1986-லும், அதன் பின் 1996-லும் மட்டுமே ஊராட்சித் தேர்தல் நடந்தது. சென்னை மாநகராட்சியில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர் என்னும் அரசு அதிகாரி மன்றத்தின் அதிகாரங்கள் அனைத்தையும் ஏற்று நடத்தும் அந்த ஏற்பாட்டில், தெருவில் தண்ணீர் வரவில்லை என்றால் எவருடைய வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதற்குக் குடிமக்களிடம் விடை இருக்கவில்லை. ஒரு தலைமுறையே வார்டு உறுப்பினரை அறியாமல் வளர்ந்தது.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தமும் அதையொட்டிய 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தன: தேர்தலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டாயமாக்கியதோடு, ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் உறுப்பினராக உள்ள கிராம சபைக்குச் சட்ட உரு அளித்தன. ஊராட்சியின் வரவு செலவையும் திட்டப் பயனாளிகளின் பட்டியலையும் தலைவர் இச்சபையின் முன்வைக்க வேண்டும். மக்கள்தொகைக்கேற்ப 50 முதல் 300 பேர் வரை கூடினாலன்றிக் கூட்டம் செல்லாது. ஆயினும் சபை கணக்கை ஏற்க மறுத்தாலும் தலைவரின் பதவிக்கு அதனால் இடையூறு இல்லை. அவரை நீக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியரிடம் வைத்திருக்கிறது. கேட்கும் இடம் கீழே, தண்டிக்கும் இடம் மேலே என்ற இந்தப் பிளவே இன்றைய அமைப்பின் அடிப்படைக் குறை. நகரங்களில் நிலைமை இன்னும் தளர்வானது: மேயரை 1996, 2001, 2011 ஆண்டுகளில் மக்கள் நேரடியாகவும், 2006, 2022 ஆண்டுகளில் கவுன்சிலர்கள் வாயிலாகவும் தேர்ந்தெடுத்ததால், அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதே மாறிக்கொண்டிருந்தது. கிராம சபைக்கு இணையான பகுதி சபைகள் நகரங்களில் 2022-இல்தான் கூடத் தொடங்கின.

சட்டம் வகுத்த உறவைச் சாதி எவ்வாறு தலைகீழாக்கும் என்பதை மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகள் காட்டின. தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபின், 2006 வரை அங்கே தேர்தல் முடங்கியது. சில வேளைகளில் வென்றவரே உடனடியாகப் பதவி விலகினார். வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அவரை நாற்காலியில் அமரவிடாத ஆதிக்கச் சாதியினருக்குப் பதில் சொல்லும் நிலை அது. மேலவளவில் அதே ஒதுக்கீட்டின்கீழ்த் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார். உயிருக்கு அஞ்சும் பிரதிநிதியை மக்கள் எளிதில் அணுக முடியாது. அவரால் கணக்கை நேர்மையாகத் திறந்து வைக்கவும் முடியாது. பெண்களுக்கான ஒதுக்கீடு 2016-இல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 50 விழுக்காடாக உயர்ந்தபின், கணவரோ மாமனாரோ தலைவரின் இடத்தில் பேசும் வழக்கமும் இதே பார்வையில் ஆராயத்தக்கது, ஏனெனில் அங்கே முடிவெடுப்பவர் ஒருவர், சட்டத்தின் முன் பதில் சொல்பவர் மற்றொருவர்.

2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நீதிமன்ற வழக்கால் தடைப்பட்டு, ஊரகப் பகுதிகளின் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், எஞ்சியவற்றில் 2021 அக்டோபரிலும், நகரங்களில் 2022 பிப்ரவரியிலும் நடந்தது. 2019-இல் தேர்வானோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் அவ்வூராட்சிகள் மீண்டும் தனி அலுவலரிடம் சென்றன. அந்த ஊர்களில் கிராம சபை கூடினாலும், சபையின் முன் நிற்பவர் வாக்குக் கேட்டு வந்தவரல்லர். அடுத்த பணியிட மாற்றத்தோடு வேறு வட்டத்துக்குச் செல்லக்கூடிய அதிகாரி.