நீக்கிய பின்னும் நீங்காத பிரதிகள்

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் அல்நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் ஜும்ஆவுக்குக் கூடியிருந்த நம் சகோதர சகோதரிகள்மீது ஒரு கொடியவன் துப்பாக்கிச் சூடு நடத்தினான். 51 பேர் ஷஹீதானார்கள். அவனுடைய பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை என்று அந்நாட்டுப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் கூறினார். நாமும் இங்கு உச்சரிக்கப் போவதில்லை.

அக்கொடுமையை அவன் 17 நிமிடங்கள் ஃபேஸ்புக்கில் நேரலையாக ஒளிபரப்பினான். நேரலையில் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. நீக்கப்படும்வரை மொத்தம் ஏறத்தாழ 4,000 முறை பார்க்கப்பட்டது என்று அந்நிறுவனம் தெரிவித்தது. ஆனால், முதல் 24 மணி நேரத்திற்குள் அக்காட்சியின் 15 லட்சம் பிரதிகளை அது அகற்ற வேண்டியதாயிற்று. அவற்றுள் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவை பதிவேறும் தருணத்திலேயே தடுக்கப்பட்டன. சில ஆயிரம் பார்வைகள் எவ்வாறு இத்தனை லட்சம் பிரதிகளாயின? இதை உணர, காணொளி எவ்வாறு சேமிக்கப்பட்டு நம் கைக்கு வந்து சேர்கிறது என்பதன் வரலாற்றை அறிவது நலம்.

இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கோப்பு பெரும்பாலும் ஒரே சர்வரில் இருந்தது. உலகின் எந்த மூலையிலிருந்து கேட்டாலும் அங்கிருந்தே அது வர வேண்டும். பலர் ஒரே நேரத்தில் கேட்டால் வழி அடைத்துக்கொள்ளும். இதற்குத் தீர்வாக, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1998இல் அகமாய் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒரே கோப்பின் பிரதிகளைப் பல ஊர்களின் சர்வர்களில் வைத்து, கேட்பவருக்கு அருகிலுள்ளதிலிருந்து வழங்குவதே அவர்களின் வழிமுறை. உஸ்மான் (ரழி) அவர்கள் குர்ஆனின் பிரதிகளை எழுதச் செய்து பல பகுதிகளுக்கும் அனுப்பிவைத்த வரலாற்றை அறிந்த நமக்கு இக்கருத்து புதிதன்று. பிரதி அருகில் இருந்தால் பயன் விரைவில் கிட்டும். தீங்கும் அவ்வாறே.

2005 ஏப்ரல் 23 அன்று யூடியூபின் முதல் காணொளி பதிவேற்றப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் ஒரு விலங்குக் காட்சிச்சாலையில் நின்று பேசும் 19 விநாடிக் காட்சி அது. அதன்பின் காணொளியை உலகுக்கு வழங்குவது எவராலும் இயலும் காரியமாயிற்று. 2009இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முறை, காணொளியைச் சில விநாடித் துண்டுகளாக்கி அனுப்ப வழிசெய்தது.

இன்று நாம் ஒரு காணொளியைப் பதிவேற்றினால், தளம் அதனைப் பல தரங்களில் மாற்றி எழுதுகிறது, துண்டுகளாகப் பிரிக்கிறது, ஒரு கருவி பழுதானாலும் அழியாதவாறு பல கருவிகளில் சேமிக்கிறது. மிகுதியாகப் பார்க்கப்படுபவை மக்களுக்கு அருகிலுள்ள சர்வர்களுக்குச் செல்கின்றன. நம் கைப்பேசி, இணைய வேகத்திற்கேற்ற தரத்தைத் தேர்ந்து அத்துண்டுகளை வரிசையாகப் பெறுகிறது.

தன் சர்வர்களில் உள்ளதை நிறுவனம் நீக்கிவிடலாம். ஒருவர் தம் கருவியில் இறக்கிக்கொண்டதை அதனால் நீக்க இயலாது. கிறைஸ்ட்சர்ச்சில் நடந்தது இதுவே. ஃபேஸ்புக்கிற்குத் தகவல் எட்டும் முன்னரே ஒருவர் வேறொரு தளத்தில் பிரதியை வைத்து, அதன் இணைப்பைப் பரப்பிவிட்டார்.

நீக்கிய காணொளியை மீண்டும் இனங்காண, நிறுவனங்கள் கைரேகை போன்றதோர் எண்ணை அதிலிருந்து கணக்கிட்டு வைக்கின்றன. ஆனால் காட்சியை வெட்டினாலோ, திரையிலிருந்து மறுபதிவு செய்தாலோ அவ்வெண் மாறிவிடக்கூடும். இவ்வாறு மாற்றப்பட்ட 800க்கும் மேற்பட்ட வடிவங்கள் கண்டறியப்பட்டன. பகிர்ந்தோரில் கொடியவனை ஆதரித்தவர்களும் இருந்தனர். அவனைக் கண்டிக்க எண்ணிப் பகிர்ந்தவர்களும் இருந்தனர். எந்த எண்ணத்தில் பகிரப்பட்டாலும் பெருகியது அவன் விரும்பிய காட்சியே. நியூசிலாந்து அரசு அக்காணொளியைத் தடைசெய்தது. அதைப் பகிர்ந்த ஒருவருக்கு 21 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இன்னொரு செய்தி நம் நெஞ்சைச் சுட வேண்டும். நேரலை ஓடிக்கொண்டிருந்தபோது பார்த்தவர்களில் ஒருவர்கூடப் புகார் அளிக்கவில்லை. முதல் புகார், காணொளி தொடங்கி 29 நிமிடங்கள் கழித்தே, அதாவது நேரலை முடிந்து 12 நிமிடங்கள் கடந்தபின் வந்தது. தீமையைக் கண்டால் கையால் தடுக்கவும், இயலாவிடில் நாவால் தடுக்கவும், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறுக்கவும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். இக்காலத்தில் புகார்ப் பொத்தானை அழுத்துவதும் கையால் தடுப்பதில் ஒரு பங்கே என்று கருதுகிறோம்.

தீய வழியொன்றைத் தொடங்கிவைப்பவர் அதைப் பின்பற்றுவோரின் பாவச்சுமையிலும் பங்கு பெறுவார் என்பது நபிமொழி தரும் எச்சரிக்கை. நம் விரலிலிருந்து சென்ற ஒரு பிரதி எத்தனை ஊர்களின் சர்வர்களில், எத்தனை கைப்பேசிகளில் தங்கும் என்பதை நாம் அறியோம். பிறகு நாம் தவ்பா செய்து நம் பதிவை நீக்கலாம். பிறரிடம் சென்ற பிரதி நம் சொல் கேட்டுத் திரும்பாது. ஆகவே, இறந்தோரின் உடல்களையும், பிறருடைய மானத்தைக் குலைக்கும் காட்சிகளையும், உண்மை அறியாச் செய்திகளையும் நம்மிடமே நிறுத்திவிடுவோம். நம் பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லிக் கொடுப்போம். ஷஹீதுகளை நினைவுகூர அவர்களின் இறுதி நேரக் காட்சி நமக்குத் தேவையில்லை. அவர்களுக்காக நாம் கேட்கும் துஆ போதுமானது.

அந்த 51 பேரின் தரஜாக்களை அல்லாஹ் உயர்த்துவானாக! நம் கரங்களைத் தீமையின் பிரதிகளைப் பெருக்குவதிலிருந்து காப்பானாக! ஆமீன்.