முத்தா, மாணிக்கமா?

'வழக்குரை காதை நாடகச் சுவை மிக்கது.' தமிழ்த் தேர்வு எழுதிய பலரும் இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது எழுதியிருப்போம். பரவையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் போன வாரம் தன் கட்டுரையைக் காட்டினான். ஆறு பத்தி, ஆறிலும் இதே சுவை. "எங்கடா சுவை? ஒரு இடம் காட்டு" என்றேன். "எல்லா இடத்துலயும்தாண்ணே" என்றான்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். 'எல்லா இடத்துலயும் பிழை' என்று யாராவது சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த இடம், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று தெரிய வேண்டும். நாடகத்தைப் பற்றி எழுதவும் அதே மூன்றுதான் வேண்டும்.

இது ஆங்கிலப் படிப்போடு வந்த பழக்கம் என்று நினைப்பவர்கள், 1892-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரத்தில் அடியார்க்குநல்லார் உரையைப் பார்க்கலாம். அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவு உண்டு: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். திரை மூன்று வகை. உரைகாரர் இதையெல்லாம் 'அழகு' என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவதில்லை. சொல்லுக்குப் பொருள் சொல்வார், பழைய நூலிலிருந்து சான்று வைப்பார், அப்புறம்தான் அடுத்த அடிக்கு நகர்வார்.

ஆனால் நமக்குக் கிடைத்த அவருடைய உரை ஊர்சூழ்வரியோடு நின்றுவிடுகிறது. அடுத்தது வழக்குரை காதை! அரும்பதவுரை இருக்கிறது, அது சுருக்கமானது. ஆக, அந்தப் பத்தியை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்: பாண்டியன் பொய்யன் அல்லன், கேள்வி கேட்காமல் விட்டவன்.

சான்று அவன் வாயிலேயே இருக்கிறது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் உடனே சொல்லிவிடுகிறான். அதை அவன் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் சொல்லித் தானே அவள் முன்னால் வைக்கிறான். இந்த ஒரு பதிலால்தான் சிலம்பை உடைப்பது வெறும் கோபமாக இல்லாமல் சோதனையாகிறது. உடைந்ததும் தெறிப்பது மாணிக்கம்.

இப்போது நான்கு காதை பின்னால் போய்ப் பாருங்கள். ஊடிப் போன தேவியைத் தேடி அந்தப்புரம் போகிற அவசரத்தில், பொற்கொல்லன் சொன்னதை அப்படியே நம்பிக் கொலைக்கு ஆணையிடுகிறான் இதே அரசன். 'உள்ளே பரல் என்ன?' என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். கேட்டால் உண்மையைச் சொல்லக்கூடிய மனிதன் கேட்க மறந்தான் என்பதுதான் இந்த நாடகத்தின் வலி.

'நாடகச் சுவை மிக்கது' என்று எழுதி நகர்ந்தால் இந்த வலி கண்ணில் படாது. விசாரிக்காமல் தீர்ப்பு சொன்ன ஒருவனைப் பற்றி நாமும் விசாரிக்காமலே எழுதிக்கொண்டிருப்போம்.