அகலிகையும் இந்திரனின் வேடமும்

காட்பாடி, வேலூர் வட்டாரக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்தும் சேர்ந்தே வரும். சூதில் ஏமாற்றுபவன் சகுனி. ஏமாறுபவன் தருமன். ஆனால் சபைக்கு இழுத்து வரப்படுபவள் திரௌபதி! "பெண்களும் ஏமாற்றுக்காரர்களும்" என்று கட்டுரை எழுத நினைப்பவருக்கு இங்கேயே கேள்வி கிடைத்துவிடுகிறது. ஏமாற்றியவன் ஒருவன் இருக்க, விலை கொடுப்பவள் ஏன் வேறொருத்தி?

தமிழ்ச் சிறுகதையில் இந்தக் கேள்வியை ஆழமாகக் கேட்டவர் புதுமைப்பித்தன் (1906–1948). அவர் எடுத்துக்கொண்டது அகலிகையின் கதை.

இந்திரன் கௌதம முனிவரின் உருவத்தில் வந்து அகலிகையை அடைந்தான் என்பது பழைய கதை. வால்மீகியில் அவள் கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடக்கச் சபிக்கப்படுகிறாள். கம்பனில் அவள் கல்லாகிறாள். இந்திரனுக்கும் சாபம் உண்டு. ஆனால் தேவர்கள் வேண்டியதும் அது ஆயிரம் கண்களாக மாறிவிடுகிறது. அகலிகையோ இராமன் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புதுமைப்பித்தன் இதை இரண்டு முறை எழுதினார். 1934-இல் வந்த 'அகல்யை' கதையில் கௌதமர் மன்னித்துவிடுகிறார். மனம் தூய்மையாக இருந்தால் போதும் என்பது அவர் முடிவு. பிரச்சினை தீர்ந்ததா?

தீரவில்லை என்று 1943-இல் வந்த 'சாப விமோசனம்' சொல்கிறது. இதில் அகலிகை மீண்டும் பெண்ணாகி வாழத் தொடங்குகிறாள். ஆனால் ஊராரின் பார்வை மாறவில்லை. வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். தன்னை மீட்ட இராமனே அப்படிக் கேட்டான் என்பதை அகலிகையால் தாங்க முடியவில்லை. பிறகு கௌதமர் அன்போடு நெருங்கும்போது, அவரும் இந்திரன் போட்ட வேடமாகவே அவளுக்குத் தோன்றுகிறது. மறுபடியும் கல்லாகிறாள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டாம் முறை அவளை யாரும் சபிக்கவில்லை. இந்திரன் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் உண்மையான கணவனை நம்பும் சக்தி அவளிடம் இல்லை. ஏமாற்றுக்காரன் கொண்டுபோனது அதைத்தான். கௌதமரின் மன்னிப்பால் அதைத் திருப்பித் தர முடியவில்லை.

இரண்டு கதைகளையும் எழுதப்பட்ட வரிசையில் படித்தால், ஒன்பது ஆண்டுகளில் ஓர் எழுத்தாளர் தன் விடையைத் தானே மறுத்துக்கொண்டது தெரியும்.